தவறாக அளந்த நிலத்தைத் திருத்தச் சொல்லி நீதிமன்றம் ஆணையிடுமா?

வாசகர் கேள்விகளும் சட்டப் பதில்களும்

நில அளவைத் தவறுகள் குறித்துக் கொங்கு மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்களில் ஐந்தை இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். எழுதியவர்களின் பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டு, வட்டத்தின் பெயர் மட்டும் தரப்பட்டுள்ளது. கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: ஐயா, ஒரே புல எண்ணின் இரண்டு உட்பிரிவுகளில் கிழக்கே உள்ள மேட்டாங்காடு எங்கள் பாட்டனார் காலத்திலிருந்து எங்களுடையது. 3 ஏக்கர் 40 சென்ட், பட்டாவில் 1.37.50 ஹெக்டேர் என்று இருந்தது. மேற்கே உள்ள தோட்டத்தை வாங்கியவர் அளக்கச் சொல்லி விண்ணப்பித்து, சர்வேயர் வந்து அளந்திருக்கிறார். நாங்கள் பனியன் கம்பெனி வேலைக்காகத் திருப்பூரில் குடியிருப்பதால் எங்களுக்குத் தெரியாது; அறிவிப்பும் வரவில்லை. இப்போது 200 மீட்டர் நீளமுள்ள எங்கள் கிளுவை வேலிக்கு உட்புறமாக நான்கு மீட்டர் தள்ளிக் கல் நட்டிருக்கிறார்கள். இணையத்தில் எடுத்த பட்டாவில் 1.29.50 ஹெக்டேர் என்று வருகிறது. ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு கொடுத்தால், அது சுற்றிவந்து அதே வட்ட அலுவலகத்தில்தான் நிற்கிறது. அளந்தவர்களையே திருத்தித் தரும்படி உயர் நீதிமன்றத்தால் சொல்ல முடியுமா? – வாசகர், காங்கேயம் வட்டம்

பதில்: முடியும். சட்டப்படி செய்தே ஆக வேண்டிய ஒரு கடமையைச் செய்யாமல் இருக்கும் அரசு அலுவலரை அதைச் செய்யும்படி பணிக்கும் அதிகாரத்தை அரசியல் சட்டத்தின் 226-ஆம் பிரிவு உயர் நீதிமன்றத்துக்குத் தந்திருக்கிறது. எழுத்தில் செயலுறுத்தும் நீதிப்பேராணை என்றும் வழக்கில் மாண்டமஸ் என்றும் சொல்லப்படுவது இதுதான். ஆனால் இந்த ஆணை அலுவலரின் கடமையை மட்டுமே பார்க்கும். நிலம் யாருக்குச் சொந்தம் என்ற வழக்குக்குள் அது பொதுவாக நுழையாது. இதை அறியாமல் 'என் நிலத்தை மீட்டுத் தர வேண்டும்' என்று கேட்டுப் போடப்படும் மனுக்கள் தள்ளுபடியாகி, முழு நியாயம் உள்ள குடியானவர்களும் செலவழித்த பணத்தோடு நம்பிக்கையையும் இழந்து திரும்புவது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. இன்ன நாளில் செய்யப்பட்ட அளவில் இன்ன பிழை இருக்கிறது, அதைச் சரிபார்த்துத் திருத்த வேண்டியது இந்த அலுவலரின் பொறுப்பு, எழுத்தில் கேட்டும் அவர் செய்யவில்லை என்று காட்டும் மனுவே நீதிமன்றத்தில் நிற்கும்.

உங்கள் கடிதத்தில் உள்ள எண்களே உங்களுக்குப் பெரிய பலம். 1.37.50 ஹெக்டேர் 1.29.50 ஆகியிருக்கிறது என்றால் குறைந்திருப்பது 8 ஏர்ஸ், அதாவது 800 சதுர மீட்டர், ஏறத்தாழ 20 சென்ட். 200 மீட்டர் நீளத்துக்கு நான்கு மீட்டர் உள்ளே தள்ளினால் அதே 800 சதுர மீட்டர்தான் வருகிறது. ஒரு புல எண்ணின் உட்பிரிவுகளைக் கூட்டினால் அந்தப் புல எண்ணின் மொத்தப் பரப்பு வர வேண்டும் என்பதால், உங்களிடம் குறைந்த 8 ஏர்ஸ் மேற்கு உட்பிரிவில் ஏறியிருக்க வேண்டும். பக்கத்துத் தோட்டத்தாரின் கிரயப் பத்திரத்தில் அந்தக் கூடுதல் பரப்பு இல்லையென்றால், அவர் விலை கொடுத்து வாங்காத நிலம் அளவையின் மூலமாக அவர் பெயருக்குப் போயிருக்கிறது என்பது கணக்கிலேயே வெளிப்பட்டுவிடும். சாட்சிகளைக் கூண்டில் ஏற்றி விசாரிக்கத் தேவையில்லாமல், ஆவணத்தை ஆவணத்தோடு ஒப்பிட்டாலே தெரியும் பிழைகளில்தான் ரிட் மனு, அதாவது நீதிப்பேராணை கோரும் மனு, நன்றாகப் பயன்படும்.

எனவே முதல் வேலை, அளவுக்கு முந்தைய ஆவணங்களைத் திரட்டுவது. எஃப்.எம்.பி. என்று நாம் சொல்லும் புலப்படத்தின் பழைய நகல், உட்பிரிவு செய்தபோது தயாரித்த ஆவணம், கிராம நிலப் பதிவேடான அ-பதிவேட்டின் பழைய நகல், உங்கள் குடும்பத்துப் பத்திரம் ஆகியவை வேண்டும். புலப்படத்தில் எல்லைக்கோடுகளுடன், கல்லிலிருந்து கல்லுக்கு எடுத்த நீளங்களும் மூலைவிட்டக் கோட்டிலிருந்து எல்லை வளைவுகளுக்கு எடுத்த குறுக்களவுகளும் குறிக்கப்பட்டிருக்கும். மிகப் பழைய நகலில் இவை லிங்க் கணக்கில் இருக்கலாம். 66 அடிச் சங்கிலியில் 100 லிங்க் என்பதால் ஒரு லிங்க் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர். அந்தக் கணக்கில் உங்கள் எல்லை 20 லிங்க் நகர்ந்திருக்கிறது. அளவெடுப்பில் இயல்பாக வரும் சிறு வேறுபாடு என்று இதை யாரும் தள்ளிவிட முடியாது. பத்திரத்தில் உள்ள செக்குபந்தியையும், அதாவது நான்கெல்லை விவரத்தையும், கவனித்துப் படியுங்கள். பரப்பளவும் நான்கெல்லையும் முரண்படும் இடத்தில் நீதிமன்றங்கள் பொதுவாக எல்லை விவரத்துக்கே மதிப்புத் தருகின்றன. 'மேற்கில் கிளுவை வேலி' என்று ஒரு பழைய பத்திரத்தில் எழுதியிருந்தால் அது மிகப் பெரிய ஆதாரம்.

காங்கேயம் வட்டம் 2009-ல் திருப்பூர் மாவட்டம் உருவாகும் வரை ஈரோடு மாவட்டத்தில் இருந்தது. 1979-க்கு முன் அந்தப் பகுதியே கோவை மாவட்டம். ஆகவே 'இங்கே பழைய பதிவு இல்லை' என்று ஓர் அலுவலகத்தில் சொன்னால் அதோடு நின்றுவிடாமல் மற்ற அலுவலகங்களிலும், பழைய புலப்படங்களையும் கிராம வரைபடங்களையும் பாதுகாக்கும் சென்னை சேப்பாக்கம் மத்திய நில அளவை அலுவலகத்திலும் கேளுங்கள். அந்த நில அளவைக்கு முன் யாருக்கெல்லாம் அறிவிப்பு அனுப்பினார்கள், அது யார் கையில் சேர்ந்தது என்பதை 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால், 30 நாளில் பதில் தர வேண்டும். 'அறிவிப்பு சார்பு செய்யப்பட்டதற்கான ஆவணம் கோப்பில் இல்லை' என்று ஒரு வரி பதில் வந்தாலும், வழக்கில் அது உங்களுக்குப் பெரும் துணையாகும்.

அடுத்தது கோரிக்கை மனு. கடமையைச் செய்யும்படி கேட்டதும், அது மறுக்கப்பட்டதும் மனுவில் தெரிய வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் 1974-ல் சரஸ்வதி இண்டஸ்ட்ரியல் சிண்டிகேட் வழக்கில் உறுதிப்படுத்தியது. திங்கட்கிழமை மனு நாளில் 'நியாயம் வழங்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்' என்று கொடுத்த விண்ணப்பம் இதற்குப் போதுமானதாக இராது. வட்டாட்சியருக்கும் நில அளவை உதவி இயக்குநருக்கும் முகவரியிட்டு, புல எண், உட்பிரிவு எண், அளந்த நாள், பழைய பரப்பு, புதிய பரப்பு, எந்தக் கல்லிலிருந்து எந்தக் கல் வரையிலான கோடு மாறியிருக்கிறது என்பது வரை எழுதி, 'இரு தரப்புக்கும் அறிவிப்புக் கொடுத்து, பழைய புலப்படத்தின் அளவுகளின்படி மறு அளவு செய்து, புலப்படத்தையும் அ-பதிவேட்டையும் பட்டாவையும் திருத்த வேண்டும்' என்று கேளுங்கள். ஒப்புகையோடு அஞ்சலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள்.

பட்டாவில் செய்த மாற்றத்தை எதிர்த்து 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடும், 13-ஆம் பிரிவில் மாவட்ட வருவாய் அலுவலரிடம் சீராய்வும் உண்டு. இத்தகைய வழி திறந்திருக்கும்போது நேராக வந்தால், 'முதலில் அங்கே போங்கள்' என்று உயர் நீதிமன்றம் சொல்லலாம். பாதிக்கப்பட்டவருக்கு அறிவிப்பே தராமல் எடுத்த நடவடிக்கை இதற்கு விதிவிலக்கு என்று உச்ச நீதிமன்றம் 1998-ல் வேர்ல்பூல் வழக்கில் கூறியிருப்பதால், நீங்கள் நேராகவும் போகலாம். இருந்தாலும் கோட்டாட்சியரிடம் மேல்முறையீட்டைப் பதிவு செய்துவிட்டு, அது நகரவில்லை என்றால் உயர் நீதிமன்றத்துக்குப் போவதுதான் நல்லது என்பது என் கருத்து. அப்போது அளவில் உள்ள பிழையோடு மேல்முறையீட்டை விசாரிக்காத குறையும் சேர்ந்துகொள்ளும்.

ரிட் மனுவில் பக்கத்துத் தோட்டத்தாரையும் எதிர்மனுதாரராகச் சேர்த்தே ஆக வேண்டும். உங்களுக்குத் தெரியாமல் அளந்தது தவறு என்று நீங்கள் வாதிடும்போது, அவரைக் கேட்காமல் ஓர் ஆணையைப் பெற்றால் அது மேல்முறையீட்டில் நிலைக்காது. திருப்பூர் மாவட்டம் சென்னை முதன்மை அமர்வின் எல்லைக்குள் வருகிறது. உதவி இயக்குநர் நிலையில் உள்ள ஒருவரின் மேற்பார்வையில், இரு தரப்பும் இருக்கும்போது, குறிப்பிட்ட வாரங்களுக்குள் மறு அளவு செய்து திருத்த வேண்டும் என்று கோரிக்கையை அமைக்கச் சொல்லுங்கள். அலுவலர் தம் அதிகாரத்தை முறையாகப் பயன்படுத்தியிருந்தால் என்ன உத்தரவு போட்டிருப்பாரோ, அதை உயர் நீதிமன்றமே தக்க வழக்கில் பிறப்பிக்கலாம் என்று 1986-ல் ஜகந்நாதன் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதை உங்கள் வழக்கறிஞர் எடுத்துக்காட்டலாம்.

அதுவரை அந்தக் கல்லைத் தொடாதீர்கள். தவறான இடத்தில் நட்டிருந்தாலும், அரசு நட்ட எல்லைக் கல்லைப் பிடுங்குவது குற்றம். அந்த ஒரு செயலால் நீங்கள் மனுதாரர் என்ற நிலை மாறிக் குற்றம் சாட்டப்பட்டவராகிவிடுவீர்கள். கல் நட்டிருக்கும் இடத்தையும் வேலியையும் தேதியோடு படமெடுத்து வைப்பது போதும்.

கேள்வி: ஐயா, எங்கள் தென்னந்தோப்பில் 2 ஏக்கர், யூ.டி.ஆர். கணக்கில் 'அனாதீனம்' (உரிமையாளர் இல்லாத நிலம்) என்று பதிவாகியிருப்பது வங்கிக் கடனுக்குப் போனபோதுதான் தெரிந்தது. தாத்தா பெயரில் பத்திரமும் கிஸ்தி ரசீதுகளும் இருக்கின்றன. 40 ஆண்டு ஆகிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்கிறார்கள். உண்மையா? – வாசகர், உடுமலைப்பேட்டை வட்டம்

பதில்: உண்மையன்று; ஆனால் காலதாமதம் உங்களுக்கு எதிராகப் பேசப்படும் என்பதால் இனி ஒரு மாதத்தையும் வீணாக்கக் கூடாது. 1979-ல் தொடங்கி 1980-களின் பிற்பகுதி வரை நடந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தைத்தான் யூ.டி.ஆர். என்கிறோம். ஏக்கர் கணக்கை ஹெக்டேருக்கு மாற்றி, கிராமந்தோறும் புதிய அ-பதிவேடு எழுதிய அந்த வேலையில், பெயர் விடுபட்டதும் உட்பிரிவு மாறியதும் பட்டா நிலம் அனாதீனம் என்றோ புறம்போக்கு என்றோ ஏறியதும் தமிழ்நாடு முழுவதும் நடந்தவை. பதிவேட்டில் எழுதியதாலேயே உரிமை வந்துவிடாது, எழுதாததாலேயே போய்விடாது என்பது உச்ச நீதிமன்றம் பல வழக்குகளில் சொன்ன நிலையான சட்டம்.

யூ.டி.ஆருக்கு முந்தைய மறுநிலவரித் திட்டப் பதிவேட்டின் நகலில் அந்த எஸ்.எஃப். நம்பருக்கு (புல எண்ணுக்கு) எதிரே யார் பெயர் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அங்கே உங்கள் தாத்தாவோ அவருக்கு விற்றவரோ இருந்தால், யூ.டி.ஆரில் நடந்தது எழுத்துப் பிழை என்று காட்டுவதற்கு வேறு பெரிய ஆதாரம் தேவையில்லை. பத்திரம், வில்லங்கச் சான்று, கிஸ்தி ரசீது, மின் இணைப்பு ஆவணம் ஆகியவற்றை இணைத்து மாவட்ட வருவாய் அலுவலருக்கு முகவரியிட்டு மனுக் கொடுத்து, நகலைக் கோட்டாட்சியருக்கும் வட்டாட்சியருக்கும் அனுப்புங்கள். நியாயமான காலத்தில் முடிவெடுக்கவில்லை என்றால் மாண்டமஸ் கேட்கலாம்.

ஓர் எச்சரிக்கை. மனுவைப் பரிசீலிக்கும்படி நீதிமன்றம் ஆணையிட்டதாலேயே காலாவதியான உரிமை புத்துயிர் பெறாது என்று 2008-ல் சி. ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறது. எனவே 'எப்போது தெரிந்தது, அதுவரை தோப்பு யார் கையில் இருந்தது, யார் வரி கட்டினார்' என்பதை மனுவின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். அரசு உங்கள் உரிமையை வெளிப்படையாக மறுத்தால், நிலம் உங்களுடையது என்று அறிவிக்கக் கோரும் விளம்புகை வழக்கை உரிமை இயல் நீதிமன்றத்தில் போட வேண்டியிருக்கும்; அதற்கு முன் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 80-ஆம் பிரிவுப்படி அரசுக்கு இரண்டு மாத அறிவிப்புத் தர வேண்டும். மறுக்கப்பட்ட நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்கைத் தொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஐயா, என் நிலத்தை மறு அளவு செய்யக் கோரிய மனுவைப் பன்னிரண்டு வாரத்துக்குள் பரிசீலித்து முடிவெடுக்கும்படி உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. ஊரே மகிழ்ந்தது. கடைசியில் வட்டாட்சியர், 'மனுதாரர் உரிமை இயல் நீதிமன்றத்தை அணுகிப் பரிகாரம் தேடிக்கொள்ளலாம்' என்று ஒரே வரியில் நிராகரித்துவிட்டார். இது நீதிமன்ற அவமதிப்பு ஆகாதா? – வாசகர், கோபிசெட்டிபாளையம் வட்டம்

பதில்: ஆகாது. உங்கள் ஏமாற்றம் எனக்குப் புரிகிறது. ஆனால் நீதிமன்றம் பரிசீலிக்கச் சொன்னது, அவர் பரிசீலித்து மறுத்துவிட்டார். ஆணையின் சொற்கள் அதற்கு மேல் எதையும் அவர்மீது சுமத்தவில்லை. 'பரிசீலிக்கவும்' என்ற ஆணையைப் பற்றி 2006-ல் ஆந்திர அரசுப் போக்குவரத்துக் கழகம் – சீனிவாச ரெட்டி வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாக விளக்கியிருக்கிறது. வழக்கின் தன்மையை ஆராய்ந்து, தவறு இன்னது என்று கண்டு, அதன்படி முடிவெடுக்கச் சொல்வது ஒரு வகை. எதையும் ஆராயாமல் மனுவைப் பைசல் செய்யச் சொல்வது வேறொரு வகை. முதல் நாள் விசாரணையிலேயே கிடைத்துவிடும் என்பதற்காக இரண்டாம் வகை ஆணையைக் கேட்டு வாங்கிவந்து கட்சிக்காரரின் கையில் கொடுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் வேரூன்றிவிட்டது. இதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். அந்தக் காகிதத்தைக் கண்டு குடியானவர் வெற்றி பெற்றதாக நம்புகிறார். அலுவலகமோ அதை இன்னொரு மனுவாகவே பார்க்கிறது.

இப்போது உங்களுக்குத் தேவை புதிய மனு. நிராகரித்த உத்தரவை ரத்து செய்து, மறு அளவு செய்யும்படி கட்டளையிடக் கோருவதற்குச் சென்னை உயர் நீதிமன்ற வழக்கில் 'செர்ஷியோரரிஃபைடு மாண்டமஸ்' என்று பெயர். அதில் நீங்கள் நிறுவ வேண்டியது ஒன்றுதான்: உங்கள் சிக்கல் அளவையில் உள்ள பிழையே தவிர, உரிமைத் தகராறு இல்லை என்பது. ஏனென்றால் வட்டாட்சியர் சொன்னது சில வழக்குகளில் சரியான பதிலாகவே இருக்கும். உரிமையைப் பற்றி இரு தரப்புக்கும் உண்மையான தகராறு இருந்தால், வருவாய்த் துறை அதை முடிவு செய்யாமல் உரிமை இயல் நீதிமன்றத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை 2011-ல் விஸ்வாஸ் ஃபுட்வேர் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தெளிவாக்கியது. அந்தத் தீர்ப்பு, அதிகாரம் இல்லாத கேள்விக்குள் அலுவலர்கள் நுழைவதைத் தடுப்பதற்காக வந்தது. தாங்களே அளந்ததில் உள்ள பிழையைச் சரிபார்க்க மறுப்பதற்கு அதையே காரணமாகக் காட்டுவது கடமை தவறுவதாகும். இரு பத்திரங்களையும் ஒப்புக்கொண்டு, 'இந்தப் பத்திரங்களின்படியும் பழைய புலப்படத்தின்படியும் கோடு எங்கே வருகிறது' என்று மட்டும் நீங்கள் கேட்டால், உரிமைத் தகராறு என்று சொல்வதற்கு இடமே இல்லை. காரணம் எதுவும் கூறாத ஒருவரி உத்தரவு என்பதும் தனியாக ஓர் எதிர்வாதம்.

இங்கே இன்னொன்றையும் சோதித்துக்கொள்ளுங்கள். உங்கள் கிராமம் முழுவதும் 1923-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில அளவை மற்றும் எல்லைகள் சட்டப்படி அளக்கப்பட்டு, 13-ஆம் பிரிவின்கீழ் அறிவிக்கை வெளியாகியிருந்தால், அந்த எல்லை சரியானது என்பதற்கு அந்தப் பதிவே முடிவான சான்றாகிவிடுகிறது. அதை மாற்ற, அறிவிக்கை நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் 14-ஆம் பிரிவின்கீழ் உரிமை இயல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுக்க வேண்டும். அதற்கு முன் நில அளவை அலுவலரின் முடிவை எதிர்த்து 11-ஆம் பிரிவில் மூன்று மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யும் வாய்ப்பும் உண்டு. மறு அளவைப் பணி நடக்கும் ஊர்களில் உள்ளவர்கள் இந்தக் காலவரம்புகளைச் சுவரில் எழுதி வைத்துக்கொள்ளும் அளவுக்கு முக்கியமாகக் கருத வேண்டும். அவற்றைத் தவறவிட்டபின் மாண்டமஸால் கிடைக்கும் உதவி மிகக் குறைவு. உரிமை இயல் வழக்கே உங்களுக்கு உரிய வழி என்று தெரியவந்தால், நடைமுறைச் சட்டத்தின் 26-ஆம் ஆணை, 9-ஆம் விதிப்படி வழக்கறிஞர் ஆணையரை நியமித்து, அரசு அளவரின் உதவியோடு இடத்தை அளக்கக் கேளுங்கள். அந்த அறிக்கையும் படமும் பல வழக்குகளில் பாதிச் சிக்கலைத் தீர்த்துவிடுகின்றன.

கேள்வி: ஐயா, எங்கள் தோட்டங்களுக்குப் போகும் இட்டேரியைப் பக்கத்து நிலத்தார் வேலியோடு சேர்த்து உழுதுவிட்டார். அளந்த சர்வேயரும் அதை அவர் பட்டா நிலத்துக்குள் காட்டிவிட்டார். கரும்பு வண்டி போக வழியில்லை. – விவசாயிகள் சிலர், பெருந்துறை வட்டம்

பதில்: இருபுறமும் கிளுவையும் கள்ளியும் நின்ற இட்டேரிகள் ஒவ்வொன்றாக மறைந்துவருவதால் இது உங்கள் ஊரின் சிக்கல் மட்டுமாக இல்லை. விடை முழுவதும் பழைய கிராம வரைபடத்தில் இருக்கிறது. அதில் அந்த இட்டேரி வண்டிப்பாதைப் புறம்போக்கு என்று தனி எண்ணோடு இருந்தால், பின்னர் வந்த எந்த உட்பிரிவு அளவும் அதைத் தனியார் பட்டாவாக மாற்ற முடியாது. 1905-ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டத்தில் 7-ஆம் பிரிவின்கீழ் அறிவிப்புக் கொடுத்து, 6-ஆம் பிரிவின்கீழ் ஆக்கிரமிப்பை அகற்றும் பொறுப்பு வருவாய்த் துறைக்கு உண்டு. அளந்து, எல்லைக் கல் நட்டு, ஆக்கிரமிப்பை அகற்றும்படி உயர் நீதிமன்றம் கட்டளையிடும் வழக்குகளில் இந்த வகையே மிகுதி. நீங்கள் கூட்டாக மனுச் செய்யலாம்.

வரைபடத்தில் இட்டேரி இல்லாமல், பத்திரங்களில் 'மாமூல் தடம்' என்று மட்டும் எழுதியிருந்தால் நிலைமை வேறு. அது பிறர் நிலத்தின்மேல் உங்களுக்குள்ள வழி உரிமை; 1882-ஆம் ஆண்டின் வசதியுரிமைச் சட்டப்படி உரிமை இயல் நீதிமன்றத்தில் தடையாணையோடு கேட்க வேண்டியது. சர்வேயர்மீது மாண்டமஸ் கேட்டு அதற்காகக் காலத்தை இழக்க வேண்டாம்.

கேள்வி: ஐயா, கணவர் இறந்தபின் எங்கள் நிலத்தைத் தவறாக அளந்து மைத்துனர் பெயரில் சேர்த்துவிட்டார்கள். மறு அளவு செய்து எட்டு வாரத்துக்குள் பதிவேட்டைத் திருத்த வேண்டும் என்று மதுரையில் ஆணை வாங்கி 14 மாதம் ஆகிறது. அவமதிப்பு வழக்குக்கு ஓராண்டுதான் காலம், அது முடிந்துவிட்டது என்கிறார்கள். மேலும் செலவழிக்கவும் என்னிடம் பணம் இல்லை. – வாசகி, அரவக்குறிச்சி வட்டம்

பதில்: அம்மா, மனம் தளர வேண்டாம், உங்களுக்கு இன்னும் காலம் இருக்கக்கூடும், ஆனால் இந்த வாரமே செயல்பட வேண்டும். 1971-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு, அவமதிப்பு நடந்ததாகச் சொல்லப்படும் நாளிலிருந்து ஓராண்டு என்றுதான் சொல்கிறது. ஆணை பிறந்த நாளிலிருந்து அன்று. இத்தகைய ஆணைகளில் பெரும்பாலும் 'ஆணையின் நகல் கிடைத்த நாளிலிருந்து எட்டு வாரம்' என்று இருக்கும். அலுவலகத்தில் நகலைச் சேர்த்த நாளைப் பாருங்கள்; அதற்கு மேல் எட்டு வாரம் கழிந்த மறுநாள்தான் அவமதிப்பு தொடங்குகிறது. ஆணை பிறந்து ஒரு மாதம் கழித்து நகலைக் கொடுத்திருந்தால், உங்களுடைய ஓராண்டு இன்னும் சில வாரங்களில்தான் முடியும். அந்த நாளுக்கு முன் மனுவைத் தாக்கல் செய்தால் போதும் என்பதும் 2001-ல் பல்லவ் சேத் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டதே.

வேண்டுமென்றே பணியாமல் இருப்பதுதான் அவமதிப்பு. அதற்கு ஆறு மாதம் வரை வெறுங்காவலோ, 2,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ 12-ஆம் பிரிவில் உண்டு. எனவே ஆணையின் நகலை இணைத்து, காலம் கடந்துவிட்டதைச் சுட்டி ஓர் அறிவிப்பை உடனே அனுப்புங்கள். அப்போது பொறுப்பில் இருந்த வட்டாட்சியர் மாறிப்போயிருந்தால், இப்போது இருப்பவருக்கும் அவர் பெயரிலேயே நகல் சேர வேண்டும். மேல்முறையீடு செய்திருப்பதாக அவர்கள் சொன்னால், தடையாணை உண்டா என்று கேளுங்கள். தடை இல்லாத மேல்முறையீடு பணியாமைக்குச் சமாதானம் ஆகாது.

செலவைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி, பெண்களுக்கு வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. கரூர் மாவட்டம் மதுரை அமர்வின் எல்லைக்குள் வருவதால், அங்குள்ள உயர் நீதிமன்றச் சட்டப் பணிகள் குழுவுக்கு விண்ணப்பித்து வழக்கறிஞரை நியமிக்கக் கேட்கலாம். கரூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் விண்ணப்பத்தைக் கொடுக்கலாம்.

அவமதிப்பு மனு விசாரணைக்கு வந்தவுடன், அதுவரை அசையாத அலுவலகம் அவசரமாக வந்து அளந்துவிட்டு, 'ஆணை நிறைவேற்றப்பட்டது' என்று அறிக்கை தாக்கல் செய்வது வழக்கம். அந்த நாளில் நீங்களோ உங்கள் வழக்கறிஞரோ நீதிமன்றத்தில் இருந்தே ஆக வேண்டும். நிலத்தில் கல் சரியான இடத்துக்கு வந்துவிட்டதா, புலப்படத்தில் கோடு திருத்தப்பட்டதா, அ-பதிவேட்டில் பரப்பு மாறியதா, இணையத்தில் எடுக்கும் பட்டாவிலும் அதே எண் வருகிறதா என்று முந்தைய நாளே பார்த்து, ஒவ்வொன்றின் நகலையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இவற்றில் ஒன்று பாக்கி இருந்தாலும் அதை நீதிபதியிடம் சொல்லி, அது முடியும் வரை வழக்கை நிலுவையில் வைக்கும்படி கேளுங்கள்.